மூன்று தட்டு

சுதாகரனுக்குத் தன் பெண்டாட்டி மேல் பொறாமை. சந்தேகம் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கிருஷ்ணகுமாரி அப்படிப்பட்டவள் இல்லை, அவனும் அப்படிப்பட்டவன் இல்லை. இது சுத்தமான தொழில் பொறாமை. ஊரில் எத்தனையோ பேருக்குப் பக்கத்து வீட்டுக்காரனைக் கண்டால் வயிறு எரியும். இவனுக்கு ஒரே பாயில் படுத்து எழும்புகிறவளைக் கண்டால் எரிந்தது. வெளியே சொன்னால் லயத்து வரிசைவீடெல்லாம் கைகொட்டிச் சிரிக்கும். அதனால் சொல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் ஆறு மாதமாகத் திரிந்தான்.

றக்வானவுக்கு மேலே இருக்கிற தோட்டத்தில் தேயிலைத் தூள் ஆக்குகிற ஸ்டோருக்கு அவன்தான் பாஸ். மெஷின் வேலை தெரிந்த ஆளை இந்தப் பக்கத்தில் பாஸ் என்பார்கள். சிங்களவர் வாயிலும் அதுதான், தமிழர் வாயிலும் அதுதான், முஸ்லிம் வாயிலும் அதுதான். கொழுந்து அரைக்கிற ரோலர், காய வைக்கிற டிரையர், சல்லடை எல்லாம் அவன் கைக்கு அடங்கும். துரை கூட அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, பாஸ் என்றுதான் கூப்பிடுவார். கூடை சுமந்தவள் மகனுக்கு அந்த ஒரு சொல் என்ன சுகம் தரும் என்பது கேட்டுப் பழகிய காதுக்குத்தான் தெரியும்.

வந்த வினை ஒரு படகில் வந்தது. மலையிறங்கிப் போனால் உடவளவைக் குளம். யானை பார்க்க வருகிறவர்களுக்காக அங்கே ஒரு ஹோட்டல்காரர் பெரிய படகு விட்டிருந்தார். மேல்மாடியில் மேசை நாற்காலி, கீழே குசினி, குளிர்பெட்டி, விளக்கு, பாட்டுப்பெட்டி. இத்தனைக்கும் கரண்ட் கொடுக்கிற ஜெனரேட்டரைப் படகு கட்டினவன் கொண்டுபோய் அடிவயிற்றுக்குள் வைத்திருந்தான். தரைப்பலகையில் ஒன்றரை அடிச் சதுரத்தில் ஒரு மூடி. அதைத் திறந்து இறங்கினால் டீசல் தாங்கிக்கும் படகின் சுவருக்கும் நடுவில் ஒரு சந்து. குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி எட்டடி ஊர்ந்தால்தான் ஜெனரேட்டரின் முகத்தையே பார்க்கலாம். கட்டினவனுக்கு அது ஒரு நாள் பழுதாகும் என்ற நினைப்பு வரவில்லை போலிருக்கிறது, அல்லது அவன் வீட்டில் எல்லாரும் உடும்பாக இருந்திருக்க வேண்டும்.

படகுக்கு மெனேஜர் நுஹ்மான், மாவனல்லைக்காரர், எல்லாருக்கும் நானா. முஸ்லிம் அண்ணன்மாரை இந்தப் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். யாரோ சொல்லி சுதாகரனைக் கூப்பிட்டு அனுப்பினார். முதல் நாள் அவன் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, தலையை உள்ளே விட்டான், தோளை விட்டான், வயிற்றில் நின்றுபோனான். முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. படகோட்டி பந்துல இரண்டு காலையும் பிடித்து வெளியே இழுத்தான். எம்பிலிப்பிட்டியவில் சீலை எடுக்க வேண்டும் என்று அன்றைக்குக் கூடவே வந்திருந்த குமாரி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றாள். சிரிக்கிறாள் என்று முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

அப்புறம் அவளே சொன்னாள். "நீங்க மேலேருந்து சொல்லுங்க. நான் போறேன்."

சொன்னபடியே போனாள். இருபது வருஷம் தேயிலைச் செடிக்குள்ளே நுழைந்து நுழைந்து வற்றிப்போன உடம்பு. சேலையை அவிழ்த்து வைத்துவிட்டு, உள்ளே போட்டிருந்த அவனுடைய பழைய களிசானோடு, டோர்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு சாரைப்பாம்பு போல உள்ளே போய்விட்டாள். சுதாகரனுக்கு அன்றைக்கு ஒரு வருத்தமும் இல்லை. மூளை என்னுடையது, கை அவளுடையது, அவ்வளவுதானே என்று நினைத்தான்.

உள்ளே போனவளுக்கு மேலே பேசுகிறது கேட்காது. அதனால் ஸ்டோர் வழக்கத்தையே படகுக்குக் கொண்டுவந்தான். ரோலர்கள் ஓடும்போது ஸ்டோரில் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்காது. இரும்புத் தூணில் ஸ்பேனரால் தட்டித்தான் பேசிக்கொள்வார்கள். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் ஓட்டு. மூன்று தட்டு என்றால் எல்லாம் மூடியாச்சு, கை வைக்கலாம். குடிகாரனும் கிறுக்கனும் வேலை செய்த ஸ்டோர்தான் அது. ஆனாலும் மூன்று தட்டை வைத்து அங்கே ஒருத்தனும் விளையாடியதில்லை. குமாரிக்கு இதைப் பெரிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அவளுடைய அப்பா இராமசாமி இந்த வழக்கம் வருவதற்கு முந்தின காலத்தில் அதே ஸ்டோரில் ரோலருக்கு இரண்டு விரலைக் கொடுத்தவர்.

படகில் மூன்று தட்டுக்கு ஒரே இடம்தான். ஜெனரேட்டர் சூடாகாமல் இருக்க, படகின் அடியில் ஒரு ஓட்டை வழியாகக் குளத்துத் தண்ணீரையே உறிஞ்சி உள்ளே விடும். அந்தத் தண்ணீர்க் குழாய்க்கு ஒரு வால்வு, சரியாக மூடிக்குக் கீழே. துருப்பிடித்து முரண்டு பிடிக்கிற வால்வு. பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி, மேலே குப்புறப் படுத்து இரண்டு கையாலும் அழுத்தினால்தான் திரும்பும். பிடி குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது என்று அர்த்தம். தண்ணீரை இழுக்கிற பம்போ எட்டடிக்கு அந்தப் பக்கம், குமாரியின் முகத்துக்கு நேரே. இவன் வால்வை மூடி மூன்று தட்டுத் தட்டினால், அவள் பம்பைத் திறப்பாள்.

இரண்டு தடவை அப்படியே நடந்தது. மூன்றாம் தடவையில்தான் பிடித்தது சனி. ஜெனரேட்டர் இருமி இருமி நின்றது. சுதாகரன் மேலே இருந்து காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, இன்ஜெக்டர் போச்சு, கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டும் என்றான். உள்ளே இருந்து வெளியே வந்தவள் கையைத் துடைத்துக்கொண்டே, "இல்லீங்க, டீசல் குழாய் ஒரு எடத்துல காத்து இழுக்குது. வெரல வச்சுப் பாத்தேன்" என்றாள். ஒரு கிளிப் போட்டு இறுக்கினார்கள். அதோடு சரியாகிவிட்டது. பந்துல சிரித்துக்கொண்டே அவளுக்குப் பேர் வைத்தான்: பாஸ் நோனா.

நோனா என்றால் சிங்களத்தில் பெண்பிள்ளைக்கு மரியாதை. அந்த மரியாதையோடு சுதாகரனுடைய பட்டத்தையும் சேர்த்து அவளுக்குக் கட்டிவிட்டான் படுபாவி. அப்புறம் எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். நுஹ்மான் அவளுடைய போன் நம்பரைக் கேட்டு வாங்கினார். அவள் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும்போதே வட்ஸ்அப்பில் ஜெனரேட்டர் ஓடுகிற சத்தத்தைப் பதிந்து அனுப்புவார். இவள் கூடையோடு நின்றபடி காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "பெல்ட்டு தளந்திருக்கு நானா" என்பாள். பெல்ட் தளர்ந்துதான் இருக்கும். ராச்சோற்றுக்கு உட்காரும்போது அதைச் சாதாரணமாகச் சொல்லுவாள், கடைக்குப் போன கதை மாதிரி. சுதாகரனுக்குச் சோறு இறங்காது. ஒரு நாள் அவள் குளிக்கப் போன நேரத்தில் அவள் போனை எடுத்து அந்தச் சத்தத்தை ஐந்து தடவை போட்டுக் கேட்டான். பெல்ட் தளர்ந்தது அவன் காதுக்குப் பிடிபடவே இல்லை. போனைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போல வந்தது.

இந்த லட்சணத்தில் ஒரு போர்ட் வேறு வந்து சேர்ந்தது. கரண்ட் பெட்டிக்குப் பக்கத்தில் மாட்டுவதற்கு, 'ஜெனரேட்டர் பழுதானால் அழைக்கவும்' என்று மூன்று மொழியிலும் எழுதி, கீழே பேரும் நம்பரும் போட வேண்டுமாம். எம்பிலிப்பிட்டியவில் ஒரு பெயின்டரிடம் கொடுத்திருந்தார்கள். பேருக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஒரு மணிக்குப் படகில் கலியாண விருந்து, எழுபது பேர். இவர்கள் இருவரும் முதல் பஸ்ஸில் இறங்கி, கொடக்கவெலவில் மாறி, ஒன்பது மணிக்கெல்லாம் வந்துவிட்டார்கள். குமாரி உள்ளே போய் எண்ணெய் மாற்றினாள், பில்டர் மாற்றினாள். இவன் இரண்டு தட்டுத் தட்டி, ஓட்டிப் பார்த்தான். வெளிக்குழாயில் தண்ணீர் வரவில்லை. ஆகாயத்தாமரை வேர் புகுந்து பம்புக்குள் இருக்கிற ரப்பர் விசிறியைக் கிழித்திருக்கும். ஜெனரேட்டரை நிறுத்தினான். இனி வால்வை மூட வேண்டும், மூன்று தட்டுத் தட்ட வேண்டும், அவள் பம்பைத் திறந்து புது விசிறி போட வேண்டும்.

வால்வுப் பிடியில் இரும்புக் குழாயைச் செருகிவிட்டு சுதாகரன் மூச்சு வாங்கினான். நாலடி தள்ளி நுஹ்மான் பெயின்டரோடு போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"பேரு கிருஷ்ணகுமாரி. நம்பர் அனுப்பியீக்கிறேன். பொறுங்க, இண்டைக்கு வேல முடிஞ்சதும் கோல் எடுக்கிறேன், அதுக்குப் பொறகு எழுதுங்க."

சுதாகரன் படுத்தபடியே தலையைத் தூக்கினான். "நானா, போர்ட்ல அவ பேரையா போடுறீங்க?"

"வேற என்ன செய்ற பாஸ். உள்ளுக்குப் போறது அவ. சத்தத்தக் கேட்டுச் சொல்றதும் அவ. ஒங்களுக்கு எடுத்து, நீங்க அவகிட்ட கேட்டு, திரும்ப எனக்குச் சொல்லி... நேரா அவக்கே எடுத்தா லேசுதானே. ஒங்களுக்கும் பெருமைதானே."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பிழையில்லை. பிழையிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். பெருமைதானே என்று வேறு கேட்கிறார் மனுஷன், பதிலும் சொல்ல வேண்டியிருக்கிறது. "ம்ம்" என்றான். நுஹ்மான் அடுத்த கோலுக்குப் போனைக் காதில் வைத்து அந்தப் பக்கம் திரும்பினார். இருபத்திரண்டு வருஷம் கிரீஸில் ஊறின கை இது. எவள் வந்து ஆறு மாதத்தில் அள்ளிக்கொண்டு போவது? உள்ளே எட்டடி தூரத்தில் அவள் காத்துக்கொண்டு கிடந்தாள். டோர்ச் வெளிச்சம் சந்தின் முடிவில் மஞ்சளாகத் தெரிந்தது.

ஒரு வாளித் தண்ணீர் மூஞ்சியில் அடிக்கட்டும் என்று நினைத்தான். பதறிக் கத்திக்கொண்டு வெளியே ஓடி வரட்டும். நானா கண்ணால் பார்க்கட்டும். அவ்வளவுதான் நினைத்தான், அதற்கு மேலே நினைக்கவில்லை. வால்வைத் திருப்பாமலே இரும்புக் குழாயைப் பிடியிலிருந்து உருவித் தரையில் வைத்தான். ஸ்பேனரை எடுத்தான். மூடியின் இரும்பு விளிம்பில் மூன்று தட்டுத் தட்டினான்.

உள்ளே திருகாணி கழன்றது. ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவது கழலும்போது தண்ணீர் பீறிட்ட சத்தம் கேட்டது.

கத்துவாள் என்று பார்த்தான். அவள் கத்தவில்லை. டோர்ச் வெளிச்சம் அணைந்துபோனது. தண்ணீர் விழுகிற சத்தம் சட்டென்று சுருங்கி, சீறுகிற சத்தமானது. ஓட்டையில் கையை வைத்து அழுத்துகிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. கை வைத்திருக்கிறவள் நகர முடியாது. கையை எடுத்தாலும் நகர முடியாது, முகத்தில் அடிக்கும். அவள் முழங்காலுக்குப் பக்கத்தில்தான் பெட்டரி இருக்கிறது என்பது அப்போதுதான் அவன் புத்திக்கு வந்தது. திரும்ப முடியாத அந்தச் சந்தில், தண்ணீர் முதலில் நிறைவது அவள் குப்புறக் கிடக்கிற இடத்தில்.

உள்ளே இருந்து தட்டுக் கேட்டது. ஒரு தட்டு. நிறுத்து.

சுதாகரன் இரும்புக் குழாய்க்குக் கையை நீட்டினான். தரையில் வைத்த குழாய் அங்கே இல்லை. படகு ஆடின ஆட்டத்தில் உருண்டு மேசைக்கு அடியில் போயிருந்தது. வெறுங்கையால் வால்வைப் பிடித்து முறுக்கினான், அசையவில்லை. மறுபடியும் ஒரு தட்டு. "பந்துல, பைப்ப எடு, பைப்ப எடு" என்று கத்தினான். நுஹ்மான் போனைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். பந்துல மேசைக்கு அடியில் தவழ்ந்து குழாயைக் கொண்டுவந்து கொடுப்பதற்குள் இன்னொரு தட்டு, முன்னதை விட மெதுவாக. குழாயைச் செருகி, உடம்பு முழுவதையும் போட்டு அழுத்தினான். பிடி குறுக்கே வந்து நின்றது. சீறல் நின்றுபோனது.

"குமாரி" என்று மூடிக்குள் தலையை விட்டுக் கூப்பிட்டான். "ஏ புள்ள, குமாரி."

கொஞ்ச நேரம் தண்ணீர் சலசலக்கிற சத்தம் மட்டும். அப்புறம் இருமல். அப்புறம், இதைத்தான் அவன் சாகும் வரை மறக்க மாட்டான், இருட்டுக்குள்ளே அவள் விசிறியை மாற்றுகிற சத்தம். கழற்றின நாலு திருகாணியையும் தண்ணீருக்குள் துழாவி எடுத்து, ஒவ்வொன்றாகப் பூட்டினாள். பூட்டி முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தாள்.

தலையிலிருந்து கால்வரை எண்ணெயும் குளத்துத் தண்ணீரும். பம்பின் விளிம்பு வெட்டி வலது உள்ளங்கையில் இரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது. நுஹ்மான் துவாயைக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது.

"என்னாச்சு தங்கச்சி? வால்வு மூடல்லையா?"

குமாரி கையைத் துவாயால் சுற்றினாள். ஒரு தடவை சுதாகரனைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பான். பாதை கடக்கும்போது வண்டி வருகிறதா என்று பார்ப்பது போல அவ்வளவு கவனமாகப் பார்த்தாள்.

"நாந்தான் நானா" என்றாள். "அவரு தட்ட முன்னமே அவசரப்பட்டுக் கழட்டிட்டேன்."

நுஹ்மான் தலையை ஆட்டினார். "அப்பிடிச் செய்யப் போடாதே தங்கச்சி. உசிரோட வெளயாட்டு. பாஸ் இல்லாட்டி என்ன ஆகியீக்கும்." பிறகு கொஞ்ச நேரம் தாடியைத் தடவிக்கொண்டு நின்றார். குளத்துப் பக்கம் போய் போனை எடுத்தார். சுதாகரனுக்கு எல்லாம் கேட்டது. "ஓ, பேரையும் நம்பரையும் மாத்துங்க. சுதாகரன் எண்டு போடுங்க. சு-தா-க-ரன். அனுபவம் உள்ள ஆளு வேணும்."

இப்போது சொல்லலாம் என்று நினைத்தான். வாயைத் திறந்தால் போதும். ஸ்பேனரை எடுத்துத் துடைத்துக்கொண்டு நின்றான். பந்துல அவன் முதுகில் தட்டிக்கொடுத்து, நல்ல வேளை பாஸ் என்று சிங்களத்தில் சொன்னான். ஒரு மணிக்குக் கலியாணக்காரர்கள் வந்தார்கள். விளக்கெல்லாம் எரிந்தது, பாட்டு ஓடியது, ஒரு குறையும் இல்லை.

றக்வான பஸ் வளைந்து வளைந்து மலையேறியது. குமாரி ஜன்னலோரம், கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வலிக்குதா?" என்று கேட்டான்.

"இல்லீங்க."

இரண்டு வளைவு தாண்டிற்று. அவள் வெளியே பார்த்தபடியே சொன்னாள். "மூணு தட்டு எனக்கு நல்லாக் கேட்டுச்சுங்க."

கை வழுக்கிவிட்டது, மூடிவிட்டது என்று நினைத்தேன் என்று இரண்டு பொய் தயாராக வைத்திருந்தான். அவள் ஏன் என்று கேட்டிருந்தால் இரண்டில் ஒன்றைச் சொல்லியிருப்பான். அவள் கேட்கவே இல்லை.

"அப்பா வெரலப் பாத்து வளந்தவ நானு" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "டவுன்ல எறங்கி அரிசி வாங்கணும், வீட்ல ஒரு மணி இல்ல" என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை, அன்றைக்கும் இல்லை, அப்புறமும் இல்லை. சண்டை போடவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை, சோறு குழம்பு எல்லாம் வழக்கம் போல.

மூன்று மாதம் கழித்து மறுபடியும் விசிறி மாற்றப் போனார்கள். கரண்ட் பெட்டிக்குப் பக்கத்தில் போர்ட் மாட்டியிருந்தது. நீலத்தில் வெள்ளை எழுத்து, மூன்று மொழியிலும் அவன் பேர். பந்துல அதைத் துணியால் துடைத்துக் காட்டினான். சுதாகரன் ஒரு தடவை பார்த்துவிட்டு, இரண்டாம் தடவை பார்க்கவில்லை.

குமாரி சேலையை அவிழ்த்து வைத்துவிட்டு, டோர்ச்சைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள். ஓட்டிப் பார்த்து நிறுத்தினார்கள். சுதாகரன் குப்புறப் படுத்து, வால்வை இரண்டு கையாலும் அழுத்தி மூடினான். பிடி குறுக்கே வந்த பிறகும் இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தான். ஸ்பேனரை எடுத்து, நிதானமாக, தெளிவாக, மூன்று தட்டுத் தட்டினான்.

திருகாணி கழலும் சத்தத்துக்காகக் காத்திருந்தான். அது வரவில்லை. உள்ளே துணி உரசுகிற சத்தம் கேட்டது, முழங்கை இரும்பில் இடிபடுகிற சத்தம் கேட்டது. அவள் பின்பக்கமாக ஊர்ந்து வந்துகொண்டிருந்தாள். எட்டடியும் வந்தாள். முதலில் கால் தெரிந்தது, பிறகு முதுகு. திரும்ப இடமில்லாததால் வலது கையை மட்டும் பின்னால் வளைத்து நீட்டினாள். உள்ளங்கையில் அந்தத் தழும்பு இருந்தது. அவன் முகத்துக்கு ஒரு சாண் கீழே அந்தக் கை துழாவி வால்வுப் பிடியைப் பிடித்தது. குறுக்கே இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தது, இழுத்துப் பார்த்தது.

பிறகு அவள் மறுபடியும் எட்டடி உள்ளே ஊர்ந்து போனாள். திருகாணி கழலும் சத்தம் அதற்குப் பிறகுதான் கேட்டது.